மண்ணில் வாழும் நோயும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வியும்
(மன்னார் உப்புக்குளத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சட்டம் படித்தவன் மேடையேறினால் நிலத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பிரதிநிதித்துவத்தைப் பற்றியும் பேசுவான் என்றே மக்கள் எதிர்பார்ப்பார்கள். இன்று நான் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நோயைப் பற்றிப் பேச வழக்கறிஞனுக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். நிலத்தின் உரிமையைப் பற்றிப் பேசுகிறவன், அந்த நிலத்தில் இறங்கி நிற்பவனின் உயிரைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவன். உறுதி எழுதும்போது நாம் நான்கு எல்லைகளையும் எழுதுகிறோம். வரம்பையும் வாய்க்காலையும் எழுதுகிறோம். அந்த மண்ணுக்குள் என்ன வாழ்கிறது என்பதை எந்த உறுதியும் சொல்வதில்லை.

வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது. அதன் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலி. அது உண்டாக்கும் நோயை வைத்தியர்கள் மெலியோய்டோசிஸ் என்று அழைக்கிறார்கள். பெயர் நாவில் புரளாது. அதற்காக நோய் நம்மை விட்டுவிடப் போவதில்லை. காலிலோ கையிலோ உள்ள சிறு காயத்தின் வழியாக அது உடலுக்குள் நுழைகிறது. பெருமழையும் காற்றும் சேர்ந்து வரும்போது மூச்சின் வழியாக நுரையீரலை அடைகிறது. காய்ச்சாத நீரின் வழியாகவும் வருகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டிய தேவை இல்லை.

இந்நோய் பெரும்பாலும் நுரையீரலையே தாக்குகிறது. நோயாளிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அது கடும் நிமோனியாவாக வெளிப்படுகிறது. சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் மூட்டுகளிலும் சீழ்க்கட்டிகள் தோன்றுகின்றன. சிலருக்கு இரத்தத்தில் கலந்து, சில நாட்களிலேயே உயிரை வாங்கிவிடுகிறது. இன்னும் சிலருக்கு மாதக்கணக்கில் இருமல், காய்ச்சல், உடல் மெலிவு என்று நீடித்து, பார்ப்பவர் எல்லோரும் சயரோகம் என்றே நம்பும்படி நடித்துக் காட்டுகிறது.

அன்பர்களே, இந்த நோய் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற வரலாறு நாம் அறிய வேண்டிய வரலாறு. 1911ஆம் ஆண்டில், இரங்கூன் நகரத்துப் பொது வைத்தியசாலையில், அல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கில வைத்தியரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்பவரும் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து வந்தார்கள். அந்த உடல்கள் யாருடையவை? மாளிகையில் வாழ்ந்தவர்களுடையவை அல்ல. வீதியோரத்தில் கிடந்தவர்கள், மோர்பியா ஊசிக்கு அடிமையானவர்கள், தேடி வர ஆளில்லாதவர்கள் ஆகியோருடைய உடல்களே அவை. அவர்களின் நுரையீரலில் கண்ட கட்டிகள் சயரோகக் கட்டிகள் போலவே இருந்தன. ஆனால் சயரோகக் கிருமி அங்கே இல்லை. இது வேறு நோய் என்று அவ்விருவரும் உணர்ந்தார்கள். 1912இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். யாரும் கேள்வி கேளாத மனிதர்களின் மரணத்தைப் பற்றி இருவர் கேள்வி கேட்டதனாலேயே இந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது.

இலங்கைக்கு வருவோம். இந்த நாட்டில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1927ஆம் ஆண்டில். நோயாளி கொழும்பில் வாழ்ந்த ஐரோப்பியர், தேயிலைத் தரகர். அதன் பின்னர் பல பத்தாண்டுகள் பெரும் மௌனம். 1999இல் ஐரோப்பிய வைத்திய சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. இலங்கைக்குப் பயணம் வந்து திரும்பிய ஒருவரின் மூளையில் இந்தக் கிருமி கட்டியை உண்டாக்கியது என்று அது கூறியது. சிந்தித்துப் பாருங்கள்! சில நாட்கள் தங்கிச் சென்ற பயணியைப் பிடித்த கிருமி, ஆயுள் முழுதும் சேற்றில் நின்றவனைப் பிடிக்காமலா இருந்திருக்கும்? நோய் இல்லாத காலம் அல்ல அது. நோயைத் தேடாத காலம்.

பின்னர் தேடத் தொடங்கினார்கள். கொழும்புப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தில் எனோகா கொரயா அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஐயத்துக்குரிய மாதிரிகளைத் தம் ஆய்வுகூடத்துக்கு அனுப்புமாறு வைத்தியசாலைகளைக் கேட்டார்கள். எப்படி அடையாளம் காண்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். விளைவு என்ன? 2006ஆம் ஆண்டுக்குப் பின் பத்தாண்டு சொச்ச காலத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறியப்பட்டார்கள். புதிதாக ஒரு கிருமி கப்பலேறி வந்து இறங்கவில்லை. முன்பும் இருந்தது; கண்கள் திறந்தபோது தெரிந்தது.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 165,000 பேருக்கு இந்நோய் வருகிறது, அவர்களில் 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்தச் சுமையின் பெரும் பங்கு தெற்காசியாவின் மேலும் கிழக்காசியாவின் மேலும் விழுகிறது. நெல் விளையும் நாடுகளே இந்த மரணங்களும் விளையும் நாடுகள்.

இத்தனை பேரைக் கொல்லும் நோய் ஏன் இவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்கிறது? நீதிமன்றத்தில் நான் பழகிய மொழியில் சொல்கிறேன். குற்றவாளியைக் கூண்டில் நிறுத்த வேண்டுமானால் சாட்சியம் வேண்டும். இந்நோய்க்குச் சாட்சியம் ஒன்றே. நோயாளியின் இரத்தத்தையோ சளியையோ சீழையோ எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். வைத்தியசாலையில் இதைப் 'பிளட் கல்ச்சர்' என்பார்கள். அதற்குச் சில நாட்கள் ஆகும். அந்தப் போத்தலும் ஆய்வுகூடமும் பயிற்சி பெற்ற கண்ணும் இல்லாத இடத்தில் மரண அத்தாட்சிப் பத்திரம் என்ன சொல்லும்? நிமோனியா என்று சொல்லும். காய்ச்சல் என்று சொல்லும். இரத்தத்தில் கிருமி என்று சொல்லும். எந்தக் கிருமி என்று சொல்லாது. கிருமி வளர்ந்த பின்னரும், பழகாத கண் அதைச் சாதாரணக் கிருமி என்று தள்ளிவிடக்கூடும். சாட்சியம் கைக்கு வந்தும் குற்றவாளி விடுதலையாகிவிடுகிறான்.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. அதுவே இந்த விடயத்தில் நெஞ்சைச் சுடுவது. வழக்கமாகக் கொடுக்கப்படும் பெனிசிலினுக்கும் அம்பிசிலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் இக்கிருமி அசைவதில்லை. ஆனால் செஃப்டசிடிம் என்ற ஊசி மருந்துக்கும் மெரோபெனம் என்ற ஊசி மருந்துக்கும் அது பணிகிறது. தாய்லாந்தின் வடகிழக்கே, நெற்செய்கையே வாழ்வான உபோன் மாகாணத்தில் நடந்த பரிசோதனையின் முடிவு 1989இல் வெளியாயிற்று. பழைய மருந்துகளைப் பெற்ற கடும் நோயாளிகளில் நூற்றுக்கு 74 பேர் இறந்தார்கள். செஃப்டசிடிம் பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேர் இறந்தார்கள். மருந்தை மாற்றியதனால் மரணம் பாதியாயிற்று. அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில், நோயை விரைவில் ஐயுற்று, தீவிர சிகிச்சை அளித்து, மரணத்தை நூற்றுக்குப் பத்து என்ற அளவுக்கும் குறைத்திருக்கிறார்கள். கிருமி ஒன்றே. ஓர் ஊரில் பத்தில் ஒருவர் இறக்கிறார். இன்னோர் ஊரில் பத்தில் நால்வர் இறக்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் கிருமி உண்டாக்கவில்லை, நிர்வாகம் உண்டாக்கியது.

இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வெப்ப நாட்டுக்குச் சென்றிராத நான்கு பேர் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் இந்நோய்க்கு ஆளானார்கள். இருவர் இறந்தார்கள். அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையம் விடவில்லை. வீட்டு நீரைச் சோதித்தது, மண்ணைச் சோதித்தது, பாவித்த பொருட்களைச் சோதித்தது. ஈற்றில், இந்தியாவில் தயாரிக்கப்பட்ட வாசனைத் தெளிப்பான் போத்தலொன்றில் அதே கிருமியைக் கண்டுபிடித்து, அந்தப் பொருளைச் சந்தையிலிருந்தே அகற்றியது. நான்கு உயிர்களுக்காக ஓர் அரசாங்கம் போத்தல் போத்தலாகத் தேடியது. அதை நான் பாராட்டுகிறேன். அதே அளவுகோலை எங்கள் கமக்காரனுக்கும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

யாரை இந்நோய் அதிகம் பிடிக்கிறது? முதலிடம் நீரிழிவு நோயாளிகளுக்கு. சலரோகம் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது உள்ளவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு. அடுத்து சிறுநீரக நோய் உள்ளவர்கள், மிகுதியாக மது அருந்துபவர்கள், தலசீமியா உள்ளவர்கள், ஸ்டெரொய்ட் மருந்தை நெடுநாள் எடுப்பவர்கள். 2005, 2006 ஆண்டுகளில் இலங்கையில் ஒரு பெரும் கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. நீரிழிவை நெருங்கியவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர் என்று அது கூறியது. ஏழு மாகாணங்களில் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. எடுக்கப்படாத இரு மாகாணங்கள் எவை? வடக்கும் கிழக்கும். அது யுத்த காலம், காரணம் விளங்குகிறது. ஆயினும், எண்ணப்படாத மக்களின் நோயும் எண்ணப்படாமலே போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கமக்காரப் பெருமக்களே, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். காலபோகம் தொடங்கினால், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நீங்கள் வயலில் இறங்குகிறீர்கள். மழைக்காலமே இந்நோயின் காலம். டார்வினில் ஐந்தில் நான்கு பங்கு நோயாளிகள் மழை மாதங்களிலேயே வருகிறார்கள். வயலுக்குப் போகாதீர்கள் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. போகாவிட்டால் நாடு எதை உண்ணும்? முழங்கால் வரை சப்பாத்து அணியுங்கள் என்று சொல்வது எளிது; நாற்று நடும் சேற்றில் அது புதைந்து நிற்கும் என்பது எனக்கும் தெரியும். முடிந்த இடத்தில் அணியுங்கள். வரம்பு கட்டும்போதும் வாய்க்கால் துப்புரவு செய்யும்போதும் அணிய முடியும். சேற்றில் அணிய முடியாவிட்டால், காயத்தை நீர் புகாத பட்டியால் மூடி இறங்குங்கள். கரையேறியவுடன் சவர்க்காரமும் நல்ல நீரும் கொண்டு காலைக் கழுவுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். இடியும் புயலும் அடிக்கும்போது வெளியில் நிற்காதீர்கள். சலரோகம் உள்ளவர் காலில் புண் ஆறும் வரை சேற்றில் இறங்க வேண்டாம்; அந்தச் சில நாட்களுக்கு மகனோ அயலவரோ அந்த வேலையைச் செய்யட்டும்.

காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்த வேண்டாம். வைத்தியரிடம் செல்லுங்கள். சென்றதும் மூன்று சொற்களைச் சொல்லுங்கள்: "நான் கமக்காரன். எனக்குச் சலரோகம் இருக்கிறது. மழையில் வயலில் நின்றேன்." இந்த மூன்றும் வைத்தியருக்குப் பெரும் சாட்சியம். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, என் இரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பலாமா?" கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல. சயரோகத்துக்குச் சளிப் பரிசோதனை கேட்டால் உடனே கொடுங்கள். சயரோகம் நம்மிடையே உண்மையில் இருக்கிற நோய், அதற்கும் மருந்து இருக்கிறது. ஆனால் சளியில் சயரோகக் கிருமி இல்லை, மருந்து குடித்தும் நோய் குறையவில்லை என்றால், இது மற்ற நோயாக இருக்குமோ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நோய் கண்டறியப்பட்டால் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. அது பொறுமையின் சோதனை. ஊசி மருந்து இரண்டு வாரமேனும் ஏற வேண்டும். நோயின் கடுமையைப் பொறுத்து அதற்கும் மேல். அதன் பின் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரையை மூன்று மாதமோ ஆறு மாதமோ விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டது, வெட்டு வேலை வந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால், ஒளிந்திருக்கும் கிருமி மறுபடி எழும். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட ஓர் அமெரிக்கப் போர்வீரரின் உடலில் அது 62 ஆண்டுகள் உறங்கியிருந்து பின்னர் விழித்தது என்று வைத்திய சஞ்சிகை பதிவு செய்திருக்கிறது. இந்தப் பகைவன் பின்வாங்குவதைத் தோல்வி என்று எண்ணி நாம் ஆயுதத்தைக் கீழே வைக்கக் கூடாது.

படித்த அன்பர்களே, இது கமக்காரனின் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெள்ளம் வடிந்த பின், டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று பேச்செழுந்தது. சில உயிர்கள் போயின. மாதிரிகளைச் சோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. தெரிந்தவுடன் என்ன நடந்தது? தடுப்பு மாத்திரை வயல் வேலைக்குச் செல்வோருக்கு வழங்கப்பட்டது, விழிப்பூட்டல் நடந்தது. எலிக்காய்ச்சலும் சேற்றிலும் வெள்ளத்திலும் இருந்து வருவதே. அதுவும் நுரையீரலைத் தாக்கிக் கொல்ல வல்லது. பெயர் தெரியாதவரை பீதி. பெயர் தெரிந்த பின் நடவடிக்கை. ஆகவே, பெயர் தெரிந்துகொள்வதற்கான வசதியே முதல் வசதி.

அந்த வசதியைக் கேட்டுப் பெறுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? இங்கே சட்டத்தின் பக்கம் திரும்புகிறேன். இந்நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சுகாதாரத்தை ஓர் அடிப்படை உரிமையென்று தன் வாயால் சொல்லவில்லை. அது பெரும் குறை. ஆனால் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 12ஆம் உறுப்புரை சொல்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாண வைத்தியசாலைகளையும் பொதுச் சுகாதாரத்தையும் மாகாணசபையின் பொறுப்பில் வைத்தது. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் நிர்வாகம் ஆளுநரிடமே இருந்து வந்தது. உங்கள் ஊர் வைத்தியசாலைக்கு எது வேண்டும் என்று எழுந்து கேட்க உங்கள் வாக்கால் தெரிவான உறுப்பினர் இல்லாத ஒரு காலத்தை நாம் கண்டோம். நோய்க்கும் வாக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் விடை.

உறுப்பினர் இல்லாத காலத்திலும் சாதாரணக் குடிமகனின் கையில் ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அது. ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: கடந்த ஐந்தாண்டுகளில் இந்த மாவட்டத்து வைத்தியசாலைகளில் எத்தனை நோயாளிகளின் இரத்தம் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்டது? எத்தனை பேரிடம் இந்தக் கிருமி காணப்பட்டது? முடிவு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று? செஃப்டசிடிமும் மெரோபெனமும் எத்தனை நாட்கள் கையிருப்பில் இல்லாமல் இருந்தன? நோயாளியின் பெயர் வேண்டாம். எண்ணிக்கை மட்டும் வேண்டும். கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அலுவலர் முடிவு செய்ய வேண்டும். ஒரு மனிதனின் உயிரைப் பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலத்துக்குள் விடை தர வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, சிபாரிசு தேவையில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள். எழுதித் தருவது என்னைப் போன்றவர்களின் கடமை.

நமது கோரிக்கைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்று: காலபோக மழை தொடங்குமுன், நெல் விளையும் பிரதேசத்து வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் இரத்த வளர்ப்புப் போத்தல் இருக்க வேண்டும், அதை ஆய்வுகூடத்துக்கு அன்றன்றே கொண்டு செல்ல வாகன ஒழுங்கு இருக்க வேண்டும். இரண்டு: உரிய ஊசி மருந்துகள் மழை மாதங்களில் கையிருப்பில் குறையக் கூடாது. மூன்று: வயலில் இறங்குவோருக்கு ஆண்டுக்கொருமுறை சலரோகப் பரிசோதனை, கமக்காரர் அமைப்புகளின் கூட்டத்திலேயே நடத்தப்பட வேண்டும். நான்கு: அறிவுறுத்தல்கள் யாவும் கமக்காரனின் வீட்டுத் தமிழில் இருக்க வேண்டும். இவற்றில் எது அளவுக்கு மீறிய ஆசை? எது கஜானாவைக் காலி செய்யும்? ஒன்றும் இல்லை.

வைத்தியர்களையும் தாதியரையும் குறைகூற நான் வரவில்லை. குறைந்த ஆளணியோடு அவர்கள் இரவு பகலாக உழைப்பதை நாம் அறிவோம். போத்தலும் ஆய்வுகூடமும் மருந்தும் இல்லாமல் அவர்களை நிறுத்தி வைப்பது, வாளில்லாத வீரனைப் போருக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். நம்முடைய கோரிக்கை அவர்களுக்கு எதிரானது அல்ல. அவர்களுடைய கைகளைப் பலப்படுத்துவது.

இரங்கூனில் இறந்தவர்களுக்காகக் கேள்வி கேட்க அவர்கள் இறந்த பின்னர் இருவர் வந்தார்கள். நாம் உயிரோடு இருக்கும்போதே கேட்போம். வயலில் நிற்பவன் வைத்தியரிடம் கேட்கட்டும். படித்தவன் அலுவலகத்தில் எழுதிக் கேட்கட்டும். நாம் எல்லோரும் ஒன்றாக அரசாங்கத்திடம் கேட்போம். அடுத்த மழைக்குள் முதல் விண்ணப்பம் இந்த உப்புக்குளத்திலிருந்து போகட்டும்.